சந்திரமதியின் அடியழிப்பு

என் தங்கை சந்திரமதியைப் பற்றி, சுவிசில் பீல் நகரத்தில் இருக்கும் தமிழர்கள் இரண்டு விதமாகக் கதைக்கிறார்கள். காப்புறுதியை ஏமாற்றப் பார்த்து அகப்பட்டவள் என்பது ஒன்று. ஒருமுறை விழுந்து காட்டியிருந்தால் பென்சன் கிடைத்திருக்கும், வீம்பால் கெடுத்துக்கொண்டாள் என்பது மற்றது. இப்படிச் சொல்பவர்களில் ஒருவர்கூட நடந்ததைப் பார்த்தவர் இல்லை. நான் பார்த்தேன். கோயில் வீதியில் அவளுக்குப் பக்கத்தில் நடந்தேன், வைத்தியரின் அறையிலும் கூட இருந்தேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அதனால் கண்டதைக் கண்ட ஒழுங்கில் எழுதுகிறேன்.

சந்திரமதி என்னைவிட ஆறு வயது இளையவள். குகநாதனைக் கலியாணம் செய்வதற்காக இருபத்துமூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிசுக்கு வந்தாள். நான் அதற்கு முன்பே பக்கத்து நகரமான சோலோதுர்னுக்கு வந்து, ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். இன்றைக்கும் அங்கேதான் வேலை. கலியாணம் பீலில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. எங்கள் அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்காததால் நானும் என் கணவரும் பெற்றார் இடத்தில் நின்றோம். தாலி கட்டி முடிந்ததும் இரண்டு பேரும் எங்கள் காலில் விழுந்தார்கள். பிறகு மாப்பிள்ளை பக்கத்தார் பத்மநாதன் என்பவரைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினார்கள். அவர் தமிழ்க்கடை முதலாளி. குகநாதனுக்கு இந்த நாட்டில் முதல் வேலை எடுத்துக்கொடுத்தவர். குகநாதன் உடனே விழுந்துவிட்டார். தங்கை விழவில்லை. வலது கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களைச் சந்தித்ததில் சந்தோசம் என்று அந்தக் கிழமை பழகிய டொச்சில், அதாவது ஜெர்மன் பாஷையில், சொன்னாள்.

பத்மநாதன் நல்ல மனிதர். சிரித்துவிட்டார்.

"பொம்பிளை பிளேனால இறங்கின உடனயே சுவிஸ்காரியாகிட்டா. குகா, நீ கவனம் தம்பி!"

உடுப்பு மாற்றும் அறையில் வைத்து நான் அவளை ஏசினேன்.

"ஏனடி, அந்த மனிசன் எவ்வளவு செய்தவர்? ஒருக்கா விழுந்தா தேஞ்சு போவியோ?"

"அம்மா அப்பாவுக்கு விழலாம். அவையள் இல்லாட்டி உனக்கும் அத்தானுக்கும். அதுக்கு மேல சாமிக்கு. கடைக்காரருக்கு எதுக்கு அக்கா? நாளைக்கு நான் காசு குடுத்துத்தானே அங்கை அரிசி வாங்கப்போறன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியில் காட்டவில்லை.

பீலில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதலில் பெட்டி அடுக்கும் வேலை. பிறகு முள் பொருத்தும் மேசைக்கு மாற்றினார்கள். அந்த மேசைக்கு எல்லாரையும் விடுவதில்லை. ஒரு கண்ணில் வில்லையைச் செருகிக்கொண்டு, ஊசி முனை போன்ற இடுக்கியால் மணி முள்ளையும் நிமிட முள்ளையும் எடுத்து, ஒன்றோடு ஒன்று முட்டாமலும் முகப்பில் கீறல் விழாமலும் இருத்த வேண்டும். முள் போய்ப் பதியும் வரைக்கும் மூச்சு விடமாட்டாளாம். மேற்பார்வையாளரோடு பிரெஞ்சு, பக்கத்து மேசையோடு டொச்சு, மதிய இடைவேளையில் ரெலிபோனில் என்னோடு தமிழ். எங்கள் குடும்பத்தில் மூன்று பாஷையிலும் சண்டை பிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

விபத்து அந்தத் தொழிற்சாலையின் பின்படியில் நடந்தது. மாரிகாலம். ஆட்களின் சப்பாத்தோடு வந்த பனி உருகிப் படியில் தண்ணீராகக் கிடந்திருக்கிறது. சாமான் ஏற்றுபவர் அன்று சுகயீனம். மேசைக்கு வேண்டிய பெட்டியை அவளே கீழே போய்த் தூக்கிக்கொண்டு ஏறினாள். மேல்படியில் சறுக்கி, பெட்டியும் கையுமாக முதுகு அடிபட விழுந்தாள். முதல் சத்திரசிகிச்சையில் முள்ளந்தண்டில் பிதுங்கி நின்றதை வெட்டி எடுத்தார்கள். நோ குறையவில்லை. அடுத்த வருடம் முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் கம்பி வைத்து ஆணி முடுக்கினார்கள். அதன் பிறகு நடந்தாள். ஆனால் மேசையில் குனிந்து இருக்க முடியாது, நிலத்தில் விழுந்ததை எடுக்க முடியாது, இருந்தால் எழும்ப ஏதாவது பிடிக்க வேண்டும். காப்புறுதி தற்காலிகமாகக் கொஞ்சம் கொடுத்துவந்தது. நிரந்தரப் பென்சன் கொடுப்பதா இல்லையா என்ற தீர்மானம் நிலுவையில் இருந்தது.

அப்படி நிலுவையில் இருந்த கோடையில்தான் தேர்த்திருவிழா வந்தது.

நாங்கள் போகும் அம்மன் கோயில் ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது. முன்பு பண்டகசாலையாக இருந்த கட்டடம். ஒரு பக்கம் டயர்க்கடை, மறுபக்கம் குளியலறைச் சாமான் விற்கும் கடை. தேரன்று அந்த இரண்டு கடைக்கும் நடுவே உள்ள தார் வீதியைப் பொலிஸ் மறித்துக் கொடுக்கும். பொடியன்கள் குழாயைப் பிடித்து வீதியை நனைத்துக்கொண்டே போவார்கள். இல்லாவிட்டால் அந்த வெயிலில் கால் வைக்க முடியாது.

அன்று காலை கோயிலின் பின்பக்கக் குழாயடியில் அவளைக் கண்டேன். சீலையோடு தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்புப் பட்டியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தாள்.

"என்னடி இது?"

"ஒருதருக்கும் சொல்லாதை அக்கா. ரெண்டாம் ஒப்பரேஷனுக்கு முதல்நாள் வைச்ச நேர்த்தி. நடக்க வைச்சா அடியழிச்சு வாறன் எண்டு சொன்னனான். அவ நடக்க வைச்சிட்டா. நான்தான் ஏய்ச்சுக்கொண்டு திரியிறன்."

"உன்ரை முதுகில கம்பி இருக்கெண்டு அம்மனுக்குத் தெரியாதோ?"

"ஏன் தெரியாது? அவதானே வைப்பிச்சவ."

அடியழிப்பு என்றால் என்னவென்று இங்கே பிறந்த பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன். தேருக்குப் பின்னால் ஆண்கள் ஈர உடுப்போடு வீதியில் உருண்டு பிரதட்டை செய்து போவார்கள். பெண்கள் உருள்வதில்லை. இரண்டு மூன்று அடி வைப்பார்கள். முழங்காலை மடித்து இறங்கி, இரண்டு கையையும் முன்னே நீட்டி, நெற்றியை நிலத்தில் பதிப்பார்கள். பிறகு எழும்பி மறுபடி அடி வைப்பார்கள். தலை, இரண்டு கை, இரண்டு முழந்தாள் என்று ஐந்து அங்கம் நிலத்தில் பட வேண்டும். ஆண்கள் கோயிலில் விழும்போது எட்டு அங்கம் பட வேண்டும். சமயபாடத்தில் நான் ஒழுங்காகப் பாடமாக்கியது இது ஒன்றுதான்.

அவளுடைய இடப்பக்கம் நான் நின்றேன். வலப்பக்கம் சிவகலா நின்றாள். சிவகலா கோயிலில் பூக்கட்டும் பெண், நல்ல பலசாலி. இறங்கும்போது எங்கள் கையைப் பிடித்து இறங்கினாள். எழும்பும்போது நாங்கள் இருவரும் அவளுடைய கக்கத்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினோம். முதல் கொஞ்ச நேரம் இவளால் எப்படி முடிகிறது என்று எனக்கே ஆச்சரியம். காலையில் நோவுக்கு இரண்டு குளிசை போட்டிருக்கிறாள். அது தவிர, உடுக்கும் பறையும் "அரோகரா"வும் கேட்கும்போது உடம்பு வேறு மாதிரி. சில தரம் எங்கள் கை போய்ச் சேருமுன் தானாக எழும்பினாள். அதை நான் மறைக்கப்போவதில்லை. முதல் மூலைக்கு வந்தபோது நெற்றியை வைத்தவள் எழும்பவில்லை. நெற்றி நிலத்தில் இருக்க, "அக்கா, தூக்கு" என்றாள். ஓரமாகக் கொண்டுபோய்க் காரின் பின்சீற்றில் கிடத்தினோம்.

"முழுச் சுற்றும் வரேல்லையே அக்கா."

"அம்மன் மீற்றர் வைச்சோ அளக்கப்போறா? பேசாமல் கிட."

அதற்குப் பிறகு அவள் நாட்கணக்காகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. குகநாதன் மலசலகூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். சாப்பாட்டைக் கரண்டியால் ஊட்டினார்.

பிறகு காப்புறுதிக் கந்தோரில் விசாரணைக்கு அழைத்தார்கள். கடந்த சில வாரங்களில் முதுகை வருத்தும்படி ஏதாவது செய்தீர்களா என்று அங்கே இருந்த மனிதர் கேட்டார். இவள் இல்லை என்று சொன்னாள்.

டயர்க்கடை வாசலில் நின்ற கார்களில் ஒன்றில் காப்புறுதிக்காரர் வேவு பார்க்க வைத்த ஆள் இருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது. வீதியில் எத்தனையோ சுவிஸ்காரர்கள் ரெலிபோனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். யாரை யார் என்று பார்ப்பது? வெளியில், பொது இடத்தில் என்றால் படம் எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதாம். வீட்டுக்குள் எடுக்க முடியாதாம். அதனால் அவள் விழுந்து எழும்பிய படம் அவர்களிடம் இருந்தது. கட்டிலில் கிடந்த படம் இல்லை.

காப்புறுதி பென்சனை மறுத்தது. நாங்கள் வழக்கு வைத்தோம். எங்கள் சட்டத்தரணி ஓர் இளம் சுவிஸ் பெண். அவள் தன் கணினியில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாள். தூரத்திலிருந்து எடுத்தது, சத்தம் இல்லை. உடுக்கு இல்லாமல், அரோகரா இல்லாமல், ஈரச்சீலையோடு ஒரு பெண் தார் வீதியில் இறங்குகிறாள், எழும்புகிறாள். தானாக எழும்பிய இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி வைத்திருந்தார்கள். என்னுடைய சீலைக்கரையும் ஒரு கையும் ஓரத்தில் வந்து வந்து போயின. வெளியாள் ஒருவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று எனக்கு விளங்கியது.

சட்டத்தரணி கேட்டாள்: "அவர்கள் கேட்டபோது ஏன் இல்லை என்று சொன்னீர்கள்?"

சந்திரமதி டொச்சில் தொடங்கி, பிறகு தன் மகள் யாதவியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். யாதவி மொழிபெயர்த்தாள். யாதவி பேர்ன் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறவள், இங்கேயே பிறந்தவள்.

"நேர்த்தியை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியிறேல்லை. சொன்னா செய்தது வீண். உன்ரை அப்பாவுக்கே அண்டைக்குக் காலமைதான் தெரியும். பிறகு, முன்பின் தெரியாத ஒரு மனிசன் மேசைக்கு அங்கால இருந்து கேட்டா என்னண்டு சொல்லுறது? அதோடை, அது நான் செய்ததெண்டு எனக்கு நினைப்பேயில்லை, அம்மன் செய்விச்சது."

யாதவி சொல்லி முடித்ததும் சட்டத்தரணி பேனாவைக் கீழே வைத்தாள். "இதை நான் நம்புகிறேன். நீதிமன்றத்தில் இதை வைத்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை" என்றாள்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று யாதவிக்குத் தவிப்பு. உலகத்தில் யார் யார் எப்படி விழுந்து கும்பிட்டார்கள் என்று தேடித் தேடி எழுதத் தொடங்கினாள். நீதிபதிகளுக்கு இது ஏதோ தேகாப்பியாசம் போலத் தெரியக்கூடாது, பழைய காலத்திலிருந்து மனிதர் செய்துவருவது என்று விளங்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டுவாள்.

"அம்மா, எகிப்தில ராசாவுக்கு முன்னால போறவை மண்ணை மணந்தவையாம். முகர்ந்து, கொஞ்சி."

"அங்கை மண் நல்ல மண்ணாக்கும். எங்கடையில தார்மணம்தான்."

"சீனாவில அரசனுக்கு முன்னால மூண்டு தரம் முழங்கால் குத்தி, ஒவ்வொரு தரமும் மூண்டு தரம் நெற்றியால நிலத்தில தட்டோணும்."

"அந்த அரசனுக்கு வேற வேலை இருக்கேல்லையோ?" என்று குகநாதன் கேட்டார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

இஸ்லாமியர் நெற்றியை வைப்பது, திபெத்தியர் உடம்பு முழுதும் நீட்டி விழுவது, கத்தோலிக்கக் குருமார் பட்டம் பெறும்போது கோயில் தரையில் குப்புறக் கிடப்பது எல்லாவற்றையும் எழுதினாள். இன்னொன்றும் வாசித்தாள். பாரசீக அரசனின் சபைக்குப் போன கிரேக்கர் சிலர் அவனுக்கு முன்னால் விழ மறுத்தார்களாம். தெய்வத்துக்குச் செய்வதை மனிதனுக்குச் செய்யமாட்டோம் என்றார்களாம். சந்திரமதி தலையை ஆட்டிக் கேட்டாள்.

அதற்குள் நீதிமன்றம் புதிய மருத்துவ மதிப்பீடு ஒன்றுக்கு உத்தரவிட்டது. அடியழிப்பில் என்ன என்ன அசைவு இருக்கிறது, உதவி இல்லாமல் அவளால் எழும்ப முடியுமா என்று அந்த வைத்தியரே நேரில் பார்க்கட்டும் என்று கேட்டது எங்கள் சட்டத்தரணிதான். நல்ல எண்ணத்தில் கேட்டாள். "ஒருமுறை செய்து காட்டுங்கள். எழும்ப முடியாமல் போனால் அதை அவரே எழுதுவார். படத்தைவிட அது பெரிய சாட்சி" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை.

"எனக்கு ஏலாது" என்றாள் சந்திரமதி.

"என்ன ஏலாது? கோயில்ல விழேக்க கேட்டனீரோ என்னை?" குகநாதன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கத்தினார். அவர் உணவகச் சமையலறையில் வேலை. நாள் முழுக்க நின்று வந்தவர். "மூலை வரைக்கும் விழுந்து விழுந்து போனனீர். அந்தாளுக்கு முன்னால ஒருக்கா விழுந்தா உமக்கு என்ன குறைஞ்சுபோகும்? மச்சாள், நீங்களாவது சொல்லுங்கோ."

நான் சொன்னேன். போய்ச் செய், பிள்ளையின் வாழ்க்கை என்று நானும் சொன்னேன். எல்லாரும் சொன்னதால் அவள் ஓம் என்றாள்.

மதிப்பீட்டு நிலையம் வேறொரு கன்ரோனில், அதாவது மாநிலத்தில். ரயில் மாறிப் போனோம். யாதவி மகள் என்பதால் மொழிபெயர்க்க விடவில்லை. மேர்சி என்ற மன்னார்ப் பெண்ணை அவர்களே ஒழுங்கு செய்திருந்தார்கள். கழுத்தில் சிறிய சிலுவை போட்டிருந்தாள். நான் சுவரோரக் கதிரையில் இருக்கலாம், ஆனால் கதைக்கவோ உதவவோ கூடாது என்றார்கள். வைத்தியர் நரைத்த, அமைதியான மனிதர். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. கேட்க வேண்டியதை மரியாதையாகக் கேட்டார். கையைத் தூக்கு, காலை நீட்டு என்று பார்த்தார். பிறகு நிலத்தில் ஒரு நீலப் பாயைத் தட்டி விரித்துவிட்டு, அதன் தலைமாட்டில் தன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"திருவிழாவில் செய்தது போல ஒருமுறை செய்து காட்டச் சொல்லுறார் அக்கா. அவசரமில்லையாம்" என்றாள் மேர்சி.

சந்திரமதி பரிசோதனைக் கட்டிலின் விளிம்பைப் பிடித்து மெல்ல முழங்காலில் இறங்கினாள். கையை நீட்டப்போனவள் நின்றுவிட்டாள். நெற்றி வைக்க வேண்டிய இடத்துக்கு நேரே வைத்தியரின் சப்பாத்து இருந்தது.

"நோகுதோ அக்கா?"

"நோகுது. அதுக்காக நிப்பாட்டேல்லை. இவரை அங்கால இருக்கச் சொல்லுங்கோ."

மேர்சி சொன்னதும் அவர் மன்னிப்புக் கேட்டு, கதிரையோடு பக்கவாட்டுக்கு நகர்ந்தார். சந்திரமதி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். விழு, விழு என்று மனதுக்குள் சொன்னேன்.

"இல்லை. ஏலாது."

"நீங்கள் விரும்பின பக்கம் திரும்பிச் செய்யலாமாம். யன்னல் பக்கமெண்டாலும் சரியாம்."

"எந்தப் பக்கம் திரும்பினாலும் இவர் பாக்கத்தானே தங்கச்சி விழப்போறன்? விழுந்திட்டு, எழும்ப ஏலாமல் கிடந்தும் காட்டோணும். அங்கை நான் ஆருக்கும் காட்ட விழேல்லை. நான் நடிக்கிறன் எண்டுதானே வழக்கு? இவ்வளவு நாளும் நான் நடிக்கேல்லை. இதில விழுந்தா அதுதான் நடிப்பு."

மேர்சி உடனே மொழிபெயர்க்கவில்லை. கொஞ்சம் குனிந்து, தாழ்ந்த குரலில், "அக்கா, கடவுள் எல்லா இடத்திலயும் இருக்கிறார். அவருக்குச் செய்யிறதா நினைச்சுச் செய்யுங்கோவன்" என்றாள்.

"அவரை ஏன் பிள்ளை இதுக்குள்ள இழுக்கிறாய்? அவர் கேட்டாரோ விழச்சொல்லி? இவர்தானே கேக்கிறார்."

பிறகு மேர்சி எல்லாவற்றையும் டொச்சில் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள் என்பது எனக்கு விளங்கும் அளவுக்கு எனக்கும் டொச்சு தெரியும். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது நடிப்பல்ல, அசைவைப் பரிசோதிப்பது மட்டும்தான் என்றார். செய்யாவிட்டால், செய்யவில்லை என்றுதான் தான் எழுத வேண்டும் என்றார். அது உங்களுக்குப் பாதகமாகும் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்.

"எழுதட்டும்" என்றாள் என் தங்கை.

எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்து ஒரு காலை ஊன்றினாள். கால் நடுங்கியது. மறுபடி முழங்காலுக்கே போய்விட்டாள். நான் கதிரையை விட்டு எழும்பினேன். வைத்தியர் கையைக் காட்டி என்னை மறித்தார். அவள் இன்னும் ஒருமுறை முயன்று பக்கவாட்டில் சரிந்தபோது நான் பொறுக்கவில்லை. போய்த் தூக்கினேன். மறுபக்கம் மேர்சி பிடித்தாள். நாங்கள் இருவரும் அவளைக் கட்டிலில் இருத்தும் வரை அந்த மனிதர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு அறிக்கையில் என்ன இருந்தது என்றால், பரிசோதனையை அவள் தானாகவே இடைநிறுத்தியதால் எழும்பும் திறனை மதிப்பிட முடியவில்லை என்று இருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் குகநாதன் எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"விழுந்தவவோ?"

"இல்லை."

அந்தப் பக்கம் சட்டிகள் அடிபடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு வைத்துவிட்டார். சந்திரமதி கண்ணை மூடிக்கொண்டு யன்னலில் சாய்ந்திருந்தாள். நித்திரை இல்லை. கண்ணுக்குக் கீழே தசை துடித்துக்கொண்டிருந்தது.

நீதிமன்றத் தீர்ப்பு அடுத்த வருடம் வந்தது. பென்சன் இல்லை. யாதவி எழுதியது மருத்துவச் சாட்சியம் அல்ல என்று ஒரு வரியில் தள்ளிவிட்டார்கள். படம் இருக்கிறது, விசாரணையில் சொன்னது படத்துக்கு மாறாக இருக்கிறது, கிடைத்த சந்தர்ப்பத்தில் செய்து காட்டவும் மறுத்துவிட்டாள். இந்த மூன்றும் போதும் அவர்களுக்கு. யாதவி வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் தடக்கினாள்.

"பொய் சொன்னன் எண்டு எழுதியிருக்கோ?" என்று சந்திரமதி கேட்டாள்.

"அப்பிடி நேரா இல்லை அம்மா. நீங்கள் சொல்லுறதை நம்ப ஏலாதெண்டு இருக்கு."

"ரெண்டும் ஒண்டுதான். மிச்சத்தை வாசி."

மேல்நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சட்டத்தரணி சொன்னாள், ஆனால் நம்பிக்கை தரவில்லை. நாங்கள் போகவில்லை. தங்கை குடும்பம் பெரிய வீட்டை விட்டு இரண்டு அறை வீட்டுக்கு மாறியது. குகநாதன் சமையலறைக்குப் போகுமுன் விடியற்காலையில் கந்தோர்கள் துடைக்கப் போகத் தொடங்கினார். யாதவி படிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு உடுப்புக்கடையில் நிற்கிறாள். சந்திரமதிக்கு ஓர் இடத்தில் இருந்து செய்யும் வேலை ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். அரைநாள் வேலை செய்துவிட்டு இரண்டு நாள் கிடந்தாள். வேலை கொடுத்தவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கோயிலிலும் கதை பரவியது. முதுகு, தோள், முழங்கால் என்று காப்புறுதியோடு இழுபடும் பெண்கள் எங்கள் ஆட்களுக்குள் குறைவில்லை. எல்லாரும் தொழிற்சாலையிலும் துப்புரவிலும் தேய்ந்தவர்கள். அடுத்த தேரன்று அவர்களில் ஒருவரும் அடியழிக்கவில்லை. சிலர் தேர் வரும்போது குனிந்துகூடக் கும்பிடவில்லை. கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, டயர்க்கடைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்கள். சந்திரமதி வரவில்லை. அவளால்தான் இந்த நிலை என்று என் காது கேட்கவே ஒருத்தி சொன்னாள். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன். என் தங்கை காப்புறுதியிடம் ஒன்றை மறைத்தாள், அது உண்மை. அதை மறைத்தது அவளுடைய நேர்த்திக்காக. பென்சனுக்காக அவள் ஒரு பொய்யான அசைவும் செய்யவில்லை. செய்யச் சொல்லிக் குடும்பமே நின்று கேட்டபோதும் செய்யவில்லை. அவளுக்கு அக்கா என்று சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஆனால் அந்த வீட்டுக்குள் நடப்பதையும் மறைக்கக்கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை சோறும் கறியும் கட்டிக்கொண்டு பீலுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சந்திரமதி கட்டிலில் இருந்தாள். அவளுக்கு முன்னால் குகநாதன் நிலத்தில் முழங்கால் குத்தி, அவளுடைய காலைத் தன் தொடையில் வைத்துக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். அவளால் குனிந்து போட முடியாது. ஒவ்வொரு நாளும் அவர்தான் போட்டுவிட வேண்டும். அவருடைய உச்சிமயிர் நன்றாகக் கொட்டிப்போயிருப்பதை அன்றுதான் கண்டேன்.

என்னைக் கண்டும் அவர் எழும்பவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"வாங்கோ மச்சாள். உங்கடை தங்கச்சியைக் கேளுங்கோ. அந்தாளுக்கு முன்னால அண்டைக்கு ஒருக்கா விழுந்திருந்தா, நான் இண்டைக்கு இவவின்ரை காலடியில கிடக்கத் தேவையில்லை."

"குதிக்கால் சரியா வரேல்லை" என்றாள் சந்திரமதி. "இழுத்துப் போடுங்கோ."

அவர் இழுத்துப் போட்டார். பிறகு மற்றக் காலை எடுத்தார்.